விழப்போற பல்லுதானே!

என் அப்பா மாட்டுப் பல்லைப் பார்த்தே வயசு சொல்வார். சந்தையில் விற்கிறவன் சொல்லும் கணக்கை அவர் நம்பியதே இல்லை. நேராகப் போய்க் கீழுதட்டை இழுப்பார். ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு பல்லு, கடை சேர்ந்தது என்று அவர் சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சு கிடையாது. தானமாக வந்த மாட்டைக்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஆள். அவருக்குப் பிறந்த நான் நாற்பத்து மூன்று வயதுவரை ஒரு மாட்டின் வாயையும் பார்த்ததில்லை. அதுகூடப் போகட்டும். பெற்ற பிள்ளையின் வாயையும் பார்த்ததில்லை.

அவன் பல் சொத்தையானதற்கு நான் எங்கள் ஊரான கூட்டேரிப்பட்டின் மேல் பழி போட்டுப் பார்த்தேன். ஊர் அமைந்திருக்கும் இடம் அப்படி. சென்னையிலிருந்து திருச்சி போகும் பெரிய ரோட்டில் வடக்கே திண்டிவனம். திந்திருணி என்றால் புளி; புளியங்காடாக இருந்ததால் வந்த பேர். தெற்கே விக்கிரவாண்டியைத் தாண்டினால் முண்டியம்பாக்கம். அங்கே சர்க்கரை ஆலை. ஆக, ஒரு பக்கம் புளிப்பு, ஒரு பக்கம் இனிப்பு, நடுவில் என் பையன் பல்லு. இரண்டு பக்கமும் முற்றுகையிட்டால் கோட்டை எத்தனை நாள் தாங்கும்? இதை நான் வீட்டில் சொன்னபோது என் மனைவி, "அந்த முண்டியம்பாக்கத்துலதான் விழுப்புரம் மெடிக்கல் காலேஜும் இருக்கு. அந்தப் பக்கம் உங்க கண்ணு போகாதே" என்றாள். 2010இலிருந்து இருக்கிறது. என் கண் போகவில்லைதான்.

பையனுக்கு ஏழு வயது. கீழ்த்தாடையின் பின்பக்கத்தில் ஒரு பல்லில் கறுப்பாக ஒரு புள்ளி இருப்பதை ஒரு வருஷம் முன்பே மனைவி காட்டினாள். நான் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டு, செல்போன் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, குடும்பத் தலைவனுக்குரிய குரலில் சொன்னேன்: "விழப்போற பல்லுதானே!"

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு வருஷம் ஓட்டினேன். புள்ளி பொட்டானது, பொட்டு குழியானது. ஒவ்வொரு முறையும் அதே வாக்கியம். இதில் எனக்குச் சிக்கனமும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொள்கிறேன். இடிக்கப்போகிற வீட்டுக்கு யாராவது வெள்ளையடிப்பார்களா?

பல் விஷயத்தில் எனக்கு அனுபவமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவனுடைய முதல் பால்பல் ஆடியபோது முழுப் பொறுப்பையும் நானே எடுத்துக்கொண்டேன். விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிய வேண்டும். அப்போதுதான் புதுப்பல் நேராக முளைக்கும் என்பது அம்மாவின் கட்டளை. எங்கள் வீட்டில் கூரை இல்லை, மொட்டை மாடி. மாடும் இல்லை. இரண்டு தெரு தள்ளிப்போய்ச் சாணி வாங்கி வந்து, உருண்டை பிடித்து, பையன் கையில் கொடுத்தால் அவன் எறிந்தது சுவரில் ஒட்டிக்கொண்டது. நான் வாங்கி எறிந்தேன். மாடியைத் தாண்டிப் பக்கத்து வீட்டு வடாமில் போய் விழுந்தது. அந்த வீட்டுப் பாட்டி எடுத்துப் பார்த்து என்ன நினைத்தாளோ, ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. ஆனால் புதுப்பல் நேராகத்தான் முளைத்தது. அந்தப் பெருமையில்தான் பின்பக்கப் பல்லை நான் மறந்தேன்.

பல் துலக்கும் இலாகாவிலும் எனக்கு ஒரு கொள்கை உண்டு. அவனவன் பல்லை அவனவன் துலக்க வேண்டும். நாலு வயதிலேயே பிரஷ்ஷைக் கையில் கொடுத்து, "நீ பெரிய பையன்" என்று அறிவித்துவிட்டேன். அவனும் பெரிய பையனாகவே நடந்துகொண்டான், அதாவது என்னைப்போலவே. பிரஷ்ஷை நனைத்து, பேஸ்ட்டைத் தின்று, முன்பல்லில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வந்துவிடுவான். 'துலக்கினாயா?' என்றால் 'துலக்கினேன்' என்பான். அதற்குமேல் விசாரிக்க நான் என்ன போலீஸா?

விசாரிக்கிறவள் என் அம்மா. அவளிடம் ஒரு ஆயுதம் இருந்தது: தீவனூர். திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் இருக்கும் பொய்யாமொழி விநாயகர் கோயில். மிளகு மூட்டை கொண்டுவந்த வியாபாரி ஒருவன், கோயிலுக்குக் கொஞ்சம் கேட்டபோது கொடுக்க மனமில்லாமல் 'இது உளுந்து' என்று சொன்னானாம். மூட்டையைப் பிரித்தால் அத்தனையும் உளுந்து. அழுது புரண்ட பிறகு மறுபடி மிளகாக்கிக் கொடுத்தார் பிள்ளையார் என்பது தலபுராணம். "துலக்குனேன்னு பொய் சொன்னே, தீவனூருக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்" என்பாள் அம்மா. பையன் ஒருநாள் யோசித்துவிட்டுக் கேட்டான்: "மிளகு உளுந்தாச்சு. பல்லு என்ன ஆவும் ஆயா?" அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியவில்லை.

தெரிந்தது ஒரு சனிக்கிழமை ராத்திரி, ஒன்றே முக்கால் மணிக்கு.

பல்வலிக்கு ஒரு குணம் உண்டு. பகலெல்லாம் எங்கேயோ சுற்றிவிட்டு, டாக்டர்கள் எல்லாரும் படுத்த பிறகுதான் வீட்டுக்கு வரும். பையன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு துள்ளுகிறான். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் 'விழப்போற பல்லுதானே' என்ற என் வாக்கியம் முழுசாக எழுதியிருந்தது. நான் சமையலறைக்கு ஓடிக் கிராம்பு தேடினேன். கிராம்பு என்று நினைத்து எடுத்து வந்தது அன்னாசிப்பூவின் உடைந்த இதழ். அம்மா அதைத் தட்டிவிட்டு, "பூச்சிடா. பல்லுல பூச்சி. கண்டங்கத்திரி வெதையைச் சுட்டுப் புகை பிடிச்சா பொலபொலன்னு கொட்டும்" என்றாள். ராத்திரி இரண்டு மணிக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் கண்டங்கத்திரி தேடப் போனால் ரோந்து போலீஸிடம் என்ன சொல்வது? காய்ச்சல் மருந்து ஒரு மூடி கொடுத்து, தோளில் போட்டு நடந்தேன்.

அவன் தூங்கினான். எனக்குத் தூக்கம் போனது. செல்போனில் 'பல் பூச்சி' என்று தேட ஆரம்பித்தேன். இந்தப் பூச்சி நம் ஊர்ப் பூச்சி மட்டுமில்லை. உலகம் முழுக்கப் பல ஆயிரம் வருஷம் இதை நம்பியிருக்கிறார்கள். பியேர் ஃபோஷார் என்கிற பிரெஞ்சுக்காரர்தான் 1728இல் எழுதிய பல் மருத்துவப் புத்தகத்தில், நுண்ணோக்கி வைத்துத் தேடியும் அப்படி ஒரு பூச்சியைத் தாம் பார்க்கவில்லை என்று சொன்னார். அப்புறம் 1890இல் மில்லர் என்கிற அமெரிக்கர், பெர்லினில் உட்கார்ந்துகொண்டு, விஷயத்தை உடைத்தார்: வாயில் இருக்கும் நுண்ணுயிர்கள் நாம் தின்னும் இனிப்பையும் மாவுப் பண்டத்தையும் தாங்களும் தின்று அமிலத்தைக் கக்குகின்றன; அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது. காலையில் அம்மாவிடம் சொன்னேன். "அப்ப பூச்சி இருக்குதுன்றே, சின்னதா" என்றாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

என் அம்மாவும் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியும் ஒரே வயசு. கல்லூரி 1953, அம்மாவும் பள்ளிக்கூடச் சான்றிதழ்ப்படி அதே வருஷம். இரண்டு பேரும் இதுவரை சந்தித்துக்கொண்டதில்லை.

திங்கட்கிழமை காலை திண்டிவனம் பஸ் ஏறினோம். நான், பையன், மனைவி, அம்மா. பல் டாக்டரிடம் போவதற்குக் குடும்பமே கிளம்பும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குற்றவாளியை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போகும்போது கூட வருகிறவர்களின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது மூன்று முகமும். குற்றவாளி பையனில்லை என்பது ஜன்னலோரத்தில் உட்கார்ந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பையனை நாற்காலியில் ஏற்றிக் கீழே இறக்கி, மேலே ஏற்றி, ராட்டினம் காட்டிச் சிரிக்க வைத்துவிட்டு வாயைத் திறக்கச் சொன்னார். கண்ணாடிக் குச்சியை விட்டுப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன்.

"விழப்போற பல்லுதானே டாக்டர்?"

"எப்ப விழும் சார்?"

நான் விரலைவிட்டு எண்ணுவதுபோல் பாவனை செய்தேன். முன்பல் ஆறேழு வயதில் விழும். பின்னால் இருக்கிற பால் கடைவாய்ப்பல் விழப் பத்து, பன்னிரண்டு வயது ஆகும் என்றார். அதாவது இன்னும் நாலைந்து வருஷம் இவன் அதில்தான் மென்றாக வேண்டும். அதுமட்டுமில்லை. "நீங்க எந்த ஊரு? கூட்டேரிப்பட்டா? அங்க பஸ்ஸுல எப்படி சார் எடம் பிடிப்பீங்க?" என்று கேட்டார்.

"ஜன்னல் வழியா துண்டு போடுவோம்."

"இந்தப் பால்பல்லு அந்தத் துண்டு. அடியில வரப்போற பல்லுக்கு எடம் போட்டு வச்சிருக்கு. நேரத்துக்கு முன்னாடி துண்டை எடுத்துட்டா பக்கத்துல இருக்கறவன் நகர்ந்து உக்காந்துக்குவான். அப்புறம் வர்றவனுக்கு எடம் ஏது? படிக்கட்டுலதான் தொங்கணும்."

பல் கோணல்மாணலாக முளைப்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை. பஸ்ஸில் போடும் துண்டு வழியாகவே யோசிக்கிற ஊர்க்காரனான எனக்கு உடனே உறைத்தது. அம்மாகூடத் தலையாட்டினாள்.

அடுத்துத்தான் அடி விழுந்தது. அந்தக் குழிப்பல்லுக்குப் பின்னால் பளிச்சென்று பெரிதாக ஒரு பல் இருந்தது. அதன் பள்ளத்திலும் ஒரு கறுப்புக் கீறல். "இதுவும் சேர்ந்து விழுமா டாக்டர்?" என்றேன், இரண்டு செலவு ஒரு செலவாகுமே என்ற ஆசையில்.

"இது விழாது சார். இது நிலைப்பல்லு."

எனக்குப் புரியவில்லை. எந்தப் பல்லும் விழாமல் நிலைப்பல் எப்படி வரும்? அங்கேதான் பெற்றோர் எல்லாரும் ஏமாறுகிறார்களாம். பால்பல் மொத்தம் இருபது. ஆறு வயதில் அவற்றுக்கெல்லாம் பின்னால், காலியாகக் கிடக்கும் இடத்தில், ஓசைப்படாமல் நாலு கடைவாய்ப்பல் முளைக்கும். எதுவும் ஆடுவதில்லை, எதுவும் விழுவதில்லை, சாணியும் தேட வேண்டியதில்லை. அதனால் இதுவும் ஒரு பால்பல் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் அதுதான் கிழவனாகிறவரைக்கும் கூட வரவேண்டிய பல். அறுபது வருஷம் உழைக்க வந்த ஆளை, நாளைக்குப் போகிற விருந்தாளி என்று நினைத்து நான் ஒரு வாய் தண்ணீர்கூடச் சரியாகக் கொடுக்கவில்லை.

"ராத்திரி யாரு தேய்ச்சு விடுறீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"நான்தான்" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வாயில் தானாக வந்துவிட்டது.

நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்த பையன், கண்ணாடிக் குச்சி உள்ளே இருக்கும்போதே சொன்னான்: "அப்பா, தீவனூரு!"

டாக்டருக்கு விளக்கம் சொன்னவள் என் அம்மா. மிளகு, உளுந்து, மூட்டை என்று ஒன்று விடாமல் சொன்னாள். அந்த அறையில் நான் நின்றிருந்த நிலையை எழுத என்னால் ஆகாது.

அப்புறம் உணவு விசாரணை. இனிப்பு எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல் நிமிர்ந்தேன். ஏனென்றால் இதில் நான் கறார். பாண்டிச்சேரியிலிருந்து என் அக்கா வரும்போதெல்லாம் மிட்டாய்ப் பொட்டலத்தோடுதான் வருவாள். மொத்தமாகக் கொடுத்தால் கெட்டுப்போவான் என்று அதைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் மணிக்கு ஒன்றாக, காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் நாலு வரை எட்டு மிட்டாய் வழங்குவேன். சாவி என் இடுப்பில். ரேஷன் கடைகூட இப்படி நடந்ததில்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஒவ்வொரு தடவை இனிப்பு உள்ளே போனதும் அந்த நுண்ணுயிர்கள் அமிலம் சுரக்கும். எச்சில் ஊறி அதைச் சரிக்கட்ட அரை மணி நேரம் போலப் பிடிக்கும் என்றார். எட்டும் ஒரே மூச்சில் போயிருந்தால் பல்லுக்கு ஒரு அரை மணிக் கஷ்டம். நான் மணியடித்து மணியடித்துக் கொடுத்ததில் எட்டு அரை மணி, நாலு மணி நேரம் பல் அமிலத்தில் ஊறியிருக்கிறது. எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் கணக்காம். சாப்பாட்டோடு சேர்த்துத் தின்றுவிட்டால் தேவலையாம். மாங்காயைக்கூட நாம் இவ்வளவு சிரத்தையாக ஊற வைப்பதில்லை.

முடிவாக, பால்பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து தொப்பி போட வேண்டும், நிலைப்பல்லைச் சுரண்டி அடைக்க வேண்டும் என்றார். தொப்பி எதில் செய்தது என்று அம்மா கேட்டாள். "எவர்சில்வர்தான் பாட்டி." அம்மா அந்தச் சின்னஞ்சிறு தொப்பியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாத்திரக் கடையில் செய்வதுபோல் விரலால் சுண்டிச் சத்தம் கேட்டாள். "பேரு வெட்டித் தருவீங்களா?" என்று கேட்டாள். எங்கள் வீட்டு எவர்சில்வர் சாமான் எல்லாவற்றிலும் பேர் வெட்டியிருக்கும். கல்யாணப் பந்தியில் மாறிப்போகாமல் இருக்க. வாயிலிருந்து எங்கே மாறிப்போகும் என்று டாக்டர் சிரித்தார். அந்தப் பால்பல் விழும்போது தொப்பியும் அதோடு விழுந்துவிடும் என்பதைக் கேட்டதும் அம்மா, "அப்ப பழைய பாத்திரக்காரனுக்குப் போடலாம்" என்று கணக்கை முடித்தாள்.

கிளம்பும் நேரத்தில் டாக்டர் என்னைப் பார்த்து, "சார், நீங்க கொஞ்சம் உக்காருங்க" என்றார்.

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர்."

"சிரிக்கறப்ப ஒரு பக்கமா சிரிக்கிறீங்க."

இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. போன பொங்கலன்று பையன் கரும்பைக் கத்தியால் சீவித் துண்டு போட்டுத் தரச்சொன்னான். கரும்பு விளைகிற ஜில்லாவில் பிறந்துவிட்டுக் கத்தி கேட்கிறானே என்று எனக்குப் பொறுக்கவில்லை. "நாங்கல்லாம் பல்லாலயே உரிப்போம்டா" என்று வாங்கி, கணுவிலேயே கடித்தேன். படக்கென்று ஒரு சத்தம். கரும்பு அப்படியே இருந்தது. வலப்பக்கக் கடைவாய்ப்பல்லில் ஒரு சில்லு போயிருந்தது. அதை நான் கரும்புச் சக்கையோடு சக்கையாகத் துப்பிவிட்டு, வீட்டில் யாருக்கும் தெரியாமல் பத்து மாதம் இடப்பக்கமாகவே சாப்பிட்டு வந்தேன். பல் இருக்கிறவன் பக்கோடா சாப்பிடுவான் என்பார்கள். நான் பக்கோடாவை டீயில் நனைத்துச் சாப்பிட்டேன். அதை என் மனைவி இத்தனை நாள் ருசி என்று நினைத்திருக்கிறாள்.

இப்போது வீட்டில் ஆட்சி மாறிவிட்டது. ராத்திரி சாப்பிட்டதும் துலக்குவது கட்டாயம். பிள்ளைக்கு ஏழெட்டு வயது முடியும்வரை பெரியவர்கள் பிரஷ்ஷைப் பிடித்துத் தேய்த்துவிட வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. அந்த வேலை எனக்கு. விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் நீளத்துக்குப் பேஸ்ட்டை அலை அலையாகப் போட்டுக் கொண்டிருந்தவன் நான். பட்டாணி அளவு போதுமாம். மூன்று வயதுக்கு உள்ளே என்றால் ஓர் அரிசி அளவுதான். பிள்ளைகள் பாதியை விழுங்கிவிடுவதால் இந்தக் கணக்கு. பேஸ்ட்டில் இருக்கும் ஃப்ளோரைடு கரைய ஆரம்பித்த பல்லைக் கெட்டிப்படுத்துகிறது. அதுவே தண்ணீரில் அளவுக்கு மிஞ்சினால் பல்லில் கறை ஏற்றிவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. துலக்கிய பிறகு நுரையைத் துப்பினால் போதும், சொம்பு சொம்பாகக் கொப்பளித்து அந்த ஃப்ளோரைடைக் கழுவி ஊற்ற வேண்டாம் என்றும் சொல்லியனுப்பினார். என் வாழ்நாள் பழக்கத்தில் மிச்சமிருந்த ஒன்றும் இதோடு போயிற்று. நான் கொப்பளிக்கும் சத்தத்தில் தெருமுனை நாய் எழுந்துகொள்ளும்.

இடையில் ஒருநாள் தன்மானம் தலைதூக்கி, "நாங்க வேப்பங்குச்சியில வளர்ந்தவங்க" என்று ஆரம்பித்தேன். ஆலும் வேலும், உமிக்கரி, செங்கல்தூள், வானொலியில் கேட்ட கோபால் பல்பொடி விளம்பரம் என்று ஒரு பெரிய பிரசங்கம். பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பா, வாயத் தெறந்து காட்டு" என்றான். அதோடு பிரசங்கம் முடிந்தது. அவன் தாத்தா புத்தி அவனிடம் போயிருக்கிறது. நடுவில் நான் ஒரு தலைமுறை காலி.

பையனுக்குத் தொப்பி போட்டாகிவிட்டது. சிரித்தால் கடைவாயில் பளீரென்று மின்னுகிறது. பள்ளிக்கூடத்தில் அதற்கு நல்ல மவுசு. காட்டுவதற்கு ஒரு பென்சில் வாங்குகிறானாம். என் பல்லுக்கு டாக்டர் கொடுத்த தேதி இரண்டு தடவை தள்ளிப்போய்விட்டது. ஒரு தடவை அமாவாசை, ஒரு தடவை ஆடிட். மூன்றாவது தடவைக்குக் காரணம் தேடிக் கொண்டிருக்கிறேன்.

பங்குனி உத்திரத்துக்கு மயிலம் மலைக்கு வருகிற சொந்தக்காரர்கள் அப்படியே எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டுப் போவார்கள். வரட்டும், சந்தோஷம். வரும்போது பிள்ளைக்கு என்று மிட்டாய்ப் பொட்டலம் மட்டும் வாங்கி வராதீர்கள். அக்கா, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வேர்க்கடலை வாங்கி வாருங்கள். எங்கள் பக்கம் விளைவதுதான், மலிவு. வறுத்தது வேண்டாம். அவித்ததாகப் பார்த்து வாங்குங்கள். வலப்பக்கம் என்னால் இன்னும் கடிக்க முடியவில்லை.